கொசுவுக்குள் கலக்கும் கிருமிகள்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு முறை உங்களைச் சந்திக்கும்போதும் உங்களில் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். இரத்தம் எடுக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து, இது மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இது என்னதான் காய்ச்சல்?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பல பதில்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். அது சற்று விநோதமான பதில். இரண்டு கிருமிகள் ஒரு கொசுவுக்குள் சந்தித்து, இரண்டிலும் சேராத மூன்றாவது கிருமி ஒன்று பிறப்பதுண்டு. அதற்கு அந்த நாளில் பெயரும் இராது, சோதனையும் இராது.

இது கற்பனைக் கதையல்ல. குதிரைகளும் மனிதரும் இதனால் மடிந்திருக்கிறார்கள். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்லுகிறோம்.

கிருமியின் ஏடு

வைரஸ் என்பது மிக மிகச் சிறிய கிருமி. அதற்குச் சொந்தமாக வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. வேறொரு உயிரின் செல்லுக்குள் நுழைந்து, அங்கேயுள்ள பொருள்களைக் கொண்டு தன்னைப்போலவே ஆயிரக்கணக்கில் செய்துகொள்ளுகிறது. எப்படிச் செய்யவேண்டும் என்ற குறிப்பு மட்டும் அதனிடம் உண்டு. அந்தக் குறிப்பையே மரபுப்பொருள் என்கிறோம். நமக்கு அது டி.என்.ஏ. என்ற பொருளால் ஆனது. கொசு, உண்ணி, மணல் ஈ இவற்றால் பரவும் வைரஸ்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது ஆர்.என்.ஏ. என்ற பொருளால் ஆனது. டெங்கு, சிக்குன்குன்யா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் யாவும் இந்த வகைதான்.

ஆர்.என்.ஏ. கிருமிகளுக்கு ஒரு குணம் உண்டு. நம்முடைய டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழை பார்த்துத் திருத்துகிற ஏற்பாடு இருக்கிறது. இந்தக் கிருமிகளிடம் அது இல்லை. ஏறக்குறைய பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விழுகிறது. கொசுவால் பரவும் கிருமியின் முழு ஏடும் பத்துப் பன்னிரண்டாயிரம் எழுத்துகள்தான். ஆகவே ஒவ்வொரு படியிலும் சராசரியாக ஒரு பிழையாவது இருக்கும். பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கே கேடு. சிலவற்றால் அதற்கு ஆதாயம். இது மெதுவான மாற்றம், எழுத்து எழுத்தாக நடப்பது.

நாம் இன்று பேசப்போவது இதுவல்ல. ஒரே இரவில், பக்கம் பக்கமாக நடக்கும் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கலப்பின் இரண்டு வழிகள்

பழைய நாட்களில் பனையோலைச் சுவடியைப் பார்த்துப் படியெடுப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் இரண்டு சுவடிகள் விரித்து வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை, சில வரிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் சுவடியைப் பார்த்து எழுதிக்கொண்டே வருகிறவர், ஒன்றுபோல உள்ள ஒரு வரியில் கண் தவறி அடுத்த சுவடிக்குப் போய்விடுகிறார். அங்கிருந்து தொடர்ந்து எழுதுகிறார். முடிந்த ஏட்டைப் பார்த்தால் முன்பாதி ஒரு சுவடி, பின்பாதி மற்றொன்று. ஆனால் படிக்கும்போது தொடர்ச்சியாகவே இருக்கிறது.

ஒரே செல்லுக்குள் இரண்டு உறவுக் கிருமிகள் இருந்தால் இதுவே நடக்கலாம். படியெடுக்கிற நொதி ஒரு ஆர்.என்.ஏ. இழையை விட்டு மற்றொன்றின்மேல் தாவுகிறது. இதை மரபு மறுசேர்க்கை என்கிறார்கள். இது முதலாவது வழி.

இரண்டாவது வழி இன்னும் எளிது. சில கிருமிகளின் குறிப்பு ஒரே நீளமான ஏடாக இல்லாமல், தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. புன்யா வகைக் கிருமிகளுக்கு மூன்று துண்டுகள்: பெரியது, நடுத்தரம், சிறியது. நீங்கள் வேலைக்குக் கொண்டுபோகிற மூன்றடுக்கு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான இரண்டு கேரியர்களை ஒரே மேசையில் கழற்றி வைத்துவிட்டு, அவசரத்தில் அடுக்கி மூடினால் என்ன ஆகும்? நம்முடைய மேலடுக்கும் கீழடுக்கும் சரியாக இருக்க, நடு அடுக்கு அடுத்தவருடையதாக வந்துவிடும். மூடி கச்சிதமாகப் பொருந்தும். திறந்து பார்க்கும்வரை தெரியாது. இதற்குத் துண்டு மாற்றம் என்று பெயர் வைத்துக்கொள்ளுவோம்.

இரண்டு வழிகளுக்கும் நிபந்தனை ஒன்றே. இரு கிருமிகளும் ஒரே நேரத்தில் ஒரே செல்லுக்குள் இருக்கவேண்டும்.

குதிரைகளுக்கு வந்த மூளைக்காய்ச்சல்

முதல் வழிக்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1930-ஆம் ஆண்டு கோடையில் கலிஃபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான குதிரைகள் தள்ளாடி விழுந்து மடிந்தன. ஏர் இழுக்கவும் பாரம் சுமக்கவும் குதிரையை நம்பியிருந்த குடியானவர்களுக்கு அது பேரிழப்பு. கார்ல் மேயர் என்ற விஞ்ஞானியும் அவருடைய உடன் ஊழியர்களும் நோயுற்ற குதிரையின் மூளையிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1933-இல், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் குதிரைகளுக்கு இதேபோன்ற நோய் வந்தது. அங்கும் ஒரு வைரஸ் கிடைத்தது. ஆனால் மேற்கிலுள்ள கிருமிக்கு எதிராகக் காப்பு பெற்ற பிராணியின் இரத்தநீர் கிழக்கிலுள்ள கிருமியைத் தடுக்கவில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு என்று தெளிந்து, மேற்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல், கிழக்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் என்று பெயரிட்டார்கள்.

இது குதிரைகளோடு நிற்கவில்லை. 1938-இல் பீட்ரிஸ் ஹோவிட் என்ற பெண் விஞ்ஞானி இறந்துபோன ஒரு குழந்தையின் மூளையிலிருந்து இதே கிருமியைப் பிரித்தெடுத்தார். 1941-இல் அமெரிக்காவின் வட சமவெளிகளிலும் கனடாவிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் இதனால் பாதிக்கப்பட்டார்கள். பறவைகளிடம் வாழ்ந்துகொண்டிருக்கிற கிருமி இது. கியூலெக்ஸ் வகைக் கொசு பறவையைக் கடித்து, பின்பு குதிரையையோ மனிதனையோ கடிக்கும்போது வருகிறது.

இனி சற்றுக் கடல் கடந்து எகிப்துக்குப் போவோம். 1952-இல் கெய்ரோவுக்கு அருகே சிண்ட்பிஸ் என்ற இடத்தில் பிடித்த கொசுக்களில் ஒரு வைரஸ் கிடைத்தது. அதற்கு ஊர்ப் பெயரே வைத்தார்கள். அது மூளையைத் தாக்குவதில்லை. காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, அவ்வளவுதான். பின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளிலும் அதன் உறவுக் கிருமிகள் இதே மூட்டுவலியைத் தருகின்றன.

அமெரிக்கக் குதிரை நோய்க்கும் எகிப்திய மூட்டுவலிக் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு குழப்பம் நெடுநாள் இருந்தது. இரத்தநீர்ச் சோதனையில் மேற்கத்தியக் கிருமி சிண்ட்பிஸுக்கு உறவுபோலக் காணப்பட்டது. நோயைப் பார்த்தாலோ கிழக்கத்தியக் கிருமிக்கு உடன்பிறப்புபோல இருந்தது. 1988-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹான், ஸ்ட்ராஸ் தம்பதியர் முதலானோர் அதன் எழுத்துகளை வரிசையாக வாசித்துப் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. உள்ளே இருக்கிற இயந்திரம், அதாவது படியெடுக்கும் நொதிகளும் உட்கூட்டுப் புரதமும், கிழக்கத்தியக் கிருமியின் முன்னோரிடமிருந்து வந்தவை. வெளியே போர்த்தியிருக்கிற உறைப் புரதங்களோ சிண்ட்பிஸ் போன்ற ஒரு முன்னோரிடமிருந்து வந்தவை. ஓலையைப் பார்த்து எழுதியவர் இரண்டு இடங்களில் கண் தாவியிருக்கிறார். இரத்தநீர்ச் சோதனை உறையைப் பார்த்துப் பேசியது. நோயில் மற்றப் பெற்றோரின் சாயல் தெரிந்தது. இரண்டும் பொய்யல்ல, இரண்டும் பாதி உண்மை.

இந்தக் கலப்பு நம் காலத்தில் நடந்ததல்ல, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நடந்துவிட்டது. ஆனால் அந்தக் கலப்பின் சந்ததி இன்னும் இருக்கிறது. வட அமெரிக்காவில் மனிதருக்கு வருவது ஏறக்குறைய நின்றுபோன நிலையில், 2023-ஆம் ஆண்டின் கடைசியில் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் குதிரைகளிடையே பெரிதாய்க் கிளம்பி, 2024-இன் தொடக்க மாதங்களுக்குள் அர்ஜென்டினாவில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதருக்கும் வந்து, சிலரை மரிக்கச் செய்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கலப்பு என்றாலே கொடியது என்று பயப்படவேண்டியதில்லை. கிழக்கத்தியக் கிருமி மூளையைத் தாக்கினால் பத்தில் மூன்று பேர்வரை இறக்கிறார்கள். கலப்பில் பிறந்த மேற்கத்தியக் கிருமி அத்தனை கொடியதல்ல. பிள்ளை ஒரு பெற்றோரைவிட சாதுவாயிற்று. ஆனால் எப்போதும் அப்படி அமைவதில்லை. அதைத்தான் அடுத்துச் சொல்லுகிறோம்.

கரிஸ்ஸாவில் பெய்த மழை

1997-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எல் நினோ என்னும் காலநிலை மாற்றத்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை பெய்தது. கென்யாவின் வடகிழக்குப் பகுதி வறண்ட பூமி. ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்துப் பிழைக்கிறவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த பூமி வெள்ளக்காடாயிற்று. டிசம்பரில் கரிஸ்ஸா மாவட்டத்தில் இரத்தப்போக்குடன் கூடிய காய்ச்சலால் 170 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. எல்லைக்கு அப்பால் தெற்கு சோமாலியாவிலும் இதே நிலை. ஆடுகள் கூட்டங்கூட்டமாகக் குட்டி வீசின, செத்தன.

இரத்த மாதிரிகள் தென் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலுள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கும் அனுப்பப்பட்டன. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பதில் வந்தது. அது பழைய வியாதிதான். கென்யாவின் நைவாஷா ஏரிப்பக்கத்துப் பண்ணையில் ஆட்டுக்குட்டிகள் மடிந்ததிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டு, 1931-இல் எழுதி வைக்கப்பட்டது. அந்தக் கிருமியுள்ள கொசு முட்டைகள் வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வெள்ளம் வந்தால் பொரிக்கும். அந்த வெள்ளத்தில் கரிஸ்ஸா மாவட்டத்தில் மட்டும் சுமார் 27,500 பேருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

விடை கிடைத்தது என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. இரத்தப்போக்குக் காய்ச்சல் கண்டவர்களில் 115 பேரின் மாதிரிகளைச் சோதித்தபோது, 27 பேரிடம்தான் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு ஆதாரம் இருந்தது. நூற்றுக்கு 23 பேர். மற்றவர்களுக்கு வந்தது என்ன? நீங்கள் எங்களிடம் கேட்கிற அதே கேள்வி.

அந்த மற்றவர்களில் இரண்டு பேரின் மாதிரியிலிருந்து, ஒருவர் கென்யாவைச் சேர்ந்தவர், ஒருவர் சோமாலியாவைச் சேர்ந்தவர், ஒரு வைரஸ் வளர்ந்தது. மின்னணு நுண்ணோக்கியில் அது புன்யா வகைக் கிருமிபோலத் தெரிந்தது, ஆனால் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் கிருமி அல்ல. அதன் எழுத்துகளை வாசித்தார்கள். சிறிய துண்டும் பெரிய துண்டும் புன்யம்வேரா என்ற பழைய கிருமியோடு அச்சு அசலாகப் பொருந்தின. நடுத்துண்டு மட்டும் பொருந்தவில்லை.

புன்யம்வேரா 1943-இல் உகாண்டாவின் செம்லிகி காட்டுக் கொசுக்களில் ஸ்மித்பர்ன் முதலானோர் கண்டுபிடித்தது. லேசான காய்ச்சலும் தலைவலியும் தருவது. ஒருவரும் அதனால் இரத்தம் கக்கி இறந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அப்படியிருக்க, இரண்டு அடுக்கு அதனுடையதாயுள்ள இந்தக் கிருமி இரத்தப்போக்குக் காய்ச்சல் கண்டவர்களிடம் இருந்தது. கரிஸ்ஸா வைரஸ் என்று பெயரிட்டு, மற்ற மாதிரிகளிலும் தேடினார்கள். இன்னும் பல வியாதியஸ்தரிடம் அது இருந்ததைக் கண்டார்கள். இந்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று.

அப்படியானால் நடு அடுக்கு யாருடையது? மூன்று ஆண்டுகள் கழித்து முதல் துப்பு கிடைத்தது. கரிஸ்ஸா வைரஸ் என்பது, 1979-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் கொசுக்களில் பிடிபட்டு, ங்காரி என்று பெயரிட்டு வைக்கப்பட்ட கிருமியே என்று 2004-இல் தெளிந்தது. 2006-இல் மீதியும் விளங்கிற்று. நடு அடுக்கு பட்டாய் என்ற வைரஸுடையது. பட்டாய் முதன்முதல் கிடைத்தது 1955-இல், மலாயாவில்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. 1957-இல் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலுள்ள ஒரு கிராமத்தில் அனாபிலஸ் கொசுக்களிலிருந்து ஒரு வைரஸ் பிரிக்கப்பட்டது. சித்தூர் வைரஸ் என்றே அதற்குப் பெயர். அது பட்டாய் வைரஸின் ஒரு வகை. வேலூருக்கு அடுத்த வீடு போன்ற ஊரில் கிடைத்த கிருமியின் இனத்தான்தான் ஆப்பிரிக்காவில் அந்த நடு அடுக்கைக் கொடுத்தது. இதைக் கேட்டு யாரும் திகில் கொள்ளவேண்டாம். சித்தூர் வைரஸ் வேறு, ங்காரி வேறு. பட்டாயும் தனியாக இருக்கும்போது மனிதருக்குப் பெருந்துன்பம் தருகிற கிருமியாக அறியப்பட்டதல்ல.

இதுதான் யோசிக்கவேண்டிய இடம். ஒரு பெற்றோர் சாது. மறு பெற்றோரும் சாது. பிள்ளை இரத்தப்போக்குக் காய்ச்சலைத் தந்தது. நடுத்துண்டில்தான் உறைப் புரதங்களின் குறிப்பு இருக்கிறது. எந்தச் செல்லின் கதவைத் தட்டலாம் என்று தீர்மானிப்பது உறை. உடலின் எதிர்ப்பு சக்தி அடையாளம் காண்பதும் உறையைத்தான். சட்டை மாறியதும் காவலுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது.

2010-இல் மொரித்தானியா நாட்டின் பாலைவனப் பகுதியில் எதிர்பாராத மழை பெய்து ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் கிளம்பியது. அங்கேயும் வெள்ளாடுகளில் ங்காரி கிடைத்தது. ஒரு கொள்ளைநோயின் நிழலில் இன்னொன்று மறைந்து வருவது இப்படி இரண்டாம் முறையும் காணப்பட்டது.

ஏன் கொசுவுக்குள்?

மனிதரில் இந்தக் கலப்பு நடப்பது அரிது. நம் இரத்தத்தில் இந்தக் கிருமிகள் சில நாட்களே இருக்கின்றன, அதற்குள் எதிர்ப்பு சக்தி துரத்திவிடுகிறது. கொசு அப்படியல்ல. கிருமி ஒரு முறை குடியேறினால், கொசு சாகும்வரை அதற்குள் இருக்கிறது. சில வகைகளில் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகிறது. கொசு இன்று ஆட்டைக் கடிக்கிறது, நாளை மறுநாள் பறவையையோ மனிதனையோ கடிக்கிறது. முட்டை வழியாக ஒரு கிருமியைப் பெற்ற கொசு, இரத்தம் வழியாக இன்னொன்றைப் பெறலாம்.

1985-இல் பீட்டி என்பவரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். லா க்ராஸ் என்ற கிருமியையும் அதன் உறவான பனிமுயல் கிருமியையும் ஒரே கொசுவுக்குக் கொடுத்தபோது, துண்டு மாறிய புதுக் கிருமிகள் அந்தக் கொசுவிலிருந்து வெளிவந்தன. ஆனால் முதல் கிருமி நன்றாகக் குடியேறி நாளாகிவிட்டால் இரண்டாவதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே இரண்டும் அடுத்தடுத்து வந்துசேரவேண்டும். இயற்கையிலேயே ஒரு தடை இருக்கிறது.

வேறொரு தடையும் உண்டு. "டெங்குவும் சிக்குன்குன்யாவும் ஒரே கொசுவால் வருகிறதே, அவை கலந்து பயங்கரமான ஒன்றாகிவிடாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துக் கிருமிகள். டிபன் கேரியரின் அளவே வேறு, அடுக்கினாலும் மூடாது. ஒரே மனிதருக்கு இரண்டும் ஒருமித்து வரலாம், அப்போது வைத்தியம் கடினமாகலாம். அது வேறு விஷயம்.

நெருங்கிய உறவுக்குள் கலப்பு எளிது. நம் கிராமத்து ஆடு வளர்ப்போர் நன்கு அறிந்த நீலநாக்கு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது கியூலிகாய்ட்ஸ் என்ற மிகச் சிறிய கடிப்பூச்சியால் செம்மறியாடுகளுக்கு வருவது. மனிதருக்கு வராது. அந்தக் கிருமிக்குப் பத்துத் துண்டுகள். பல வகைகள் ஒரே மந்தையில் சுற்றுகின்றன. இந்தியாவில் பிடிபட்ட நீலநாக்குக் கிருமிகளிலேயே துண்டு மாறியவை காணப்பட்டிருக்கின்றன. ஒரு வகைக்கு எதிராகப் போட்ட தடுப்பூசி மற்றொரு வகையைத் தடுக்காமல் போவதால், எந்த வகை எந்த உறையோடு சுற்றுகிறது என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

தடுப்பூசியும் எச்சரிக்கையும்

இதைச் சொல்லத் தயங்கினோம். தவறாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. ஆனாலும் உங்களிடம் மறைப்பது சரியல்ல.

ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு ஆடுமாடுகளுக்குப் போடும் பழைய தடுப்பூசி ஒன்று, வலுவிழந்த உயிருள்ள கிருமியால் செய்தது. 1944-இல் உகாண்டாவின் அதே செம்லிகி காட்டிலிருந்து கிடைத்த கிருமியை, அதே ஸ்மித்பர்ன் வலுவிழக்கச் செய்து உருவாக்கியது. பல ஆண்டுகளாக லட்சக்கணக்கான பிராணிகளைக் காத்திருக்கிறது. 2010-இல் தென் ஆப்பிரிக்காவில் இந்த நோய் பரவியபோது, தடுப்பூசிக் கிருமியும் வெளியே சுற்றுகிற கிருமியும் ஒருமித்துத் தொற்றியிருக்கக்கூடிய ஒரு மனிதரிடமிருந்து துண்டு மாறிய கிருமி கிடைத்தது. 1944 முதல் 2010 வரையுள்ள ஏறக்குறைய இருநூறு மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வில் இது தெரியவந்தது.

இதிலிருந்து தடுப்பூசி கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். கொள்ளைநோய் கிளம்பிய பின் அவசரம் அவசரமாக உயிருள்ள தடுப்பூசியைப் போடுவதைவிட, மழைக்கு முன்பே, நோய் இல்லாத நாளில் போடுவதே நலம் என்பதுதான் பாடம். நோய் கிளம்பிய மந்தையில் ஒரே ஊசியைப் பல பிராணிகளுக்குப் போடுவதால் ஊசியே நோயைப் பரப்பிவிடும் ஆபத்தும் உண்டு. புதிய தடுப்பூசிகளைச் செய்கிறவர்கள் இப்போது இதை மனதில் வைத்தே வேலை செய்கிறார்கள். ஒரு துண்டு மாறினாலும் கிருமி வலுப்பெறாதபடி, ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளில் பலவீனத்தை வைக்க முயலுகிறார்கள்.

ஆஸ்பத்திரி அறைக்குள் இதன் பொருள்

இவ்வளவும் கேட்டபின், "எங்களுக்கு இதனால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

முதலாவது, ஒரு சோதனை ஒரு அடுக்கைத்தான் திறந்து பார்க்கிறது. ங்காரியின் சிறிய துண்டை மட்டும் சோதித்தவர் "இது புன்யம்வேரா, லேசான காய்ச்சல், வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பார். உறையை மட்டும் சோதித்தவர் "இது பட்டாய்" என்றிருப்பார். இருவரும் வியாதியஸ்தரைத் தவறாகக் கணித்திருப்பார்கள். ஆகவே சோதனைத்தாள் ஒன்று சொல்ல, படுக்கையிலுள்ள மனிதரின் நிலை வேறொன்று சொன்னால், நாங்கள் மனிதரையே நம்புகிறோம். பல் ஈறிலிருந்து இரத்தம் கசிகிறவரைத் தாள் நன்றாயிருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பமாட்டோம்.

இரண்டாவது, விடை தெரியாத மாதிரியை எறிந்துவிடக் கூடாது. கரிஸ்ஸாவின் புதிர் அவிழ்ந்ததற்குக் காரணம், "ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் இல்லை" என்று பதில் வந்த குப்பிகளை யாரோ குளிர்ப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததுதான். அவற்றின்மேல் யாருடைய மாதிரி, எந்த ஊர், என்றைக்கு எடுத்தது என்று தெளிவாக எழுதியிருந்தது. 1979-இல் செனகலில் பிடித்த கொசுக் கிருமியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்திராவிட்டால், 2004-இல் ஒப்பிட ஒன்றுமே இருந்திராது. மின்சாரம் நின்றாலும் குளிர் நிற்காத ஒரு பெட்டியும், சீட்டை ஒழுங்காய் எழுதுகிற ஒரு கையும் பெரிய கருவிகளுக்குக் குறைந்தவையல்ல.

மூன்றாவது, காய்ச்சலோடு வருகிறவரிடம் பிராணிகளைப் பற்றியும் கேட்கவேண்டும். "வீட்டில் ஆடு உண்டா? குட்டி வீசிற்றா? பக்கத்தில் குதிரையோ மாடோ செத்ததா?" என்று கேட்கிறபோது சிலர், "நான் மனுஷன், என்னைப் பற்றிக் கேளுங்கள்" என்று வருத்தப்படுகிறார்கள். கலிஃபோர்னியாவில் குதிரைகளும் கரிஸ்ஸாவில் ஆடுகளும் மனிதருக்கு முன்பே செய்தி சொல்லின. கால்நடை மருத்துவரும் மனித மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசுகிற ஊரில் இந்தச் செய்தி சீக்கிரம் வந்துசேரும்.

நான்காவது உங்கள் எல்லாருடைய கையிலும் இருக்கிறது. கிருமி எத்தனை முறை உறையை மாற்றினாலும், நம்மிடம் வந்துசேர அதற்குக் கொசுவின் வாய் வேண்டும். கொசுவலை, மூடிய தண்ணீர்த் தொட்டி, வாரம் ஒரு முறை கவிழ்த்துக் காயவைத்த பாத்திரம், இவை எந்தக் கிருமி என்று கேட்பதில்லை. பெயர் வைத்த கிருமியையும் பெயர் வைக்காத கிருமியையும் ஒருசேரத் தடுக்கின்றன. டெங்குக் கொசு பகலிலும் கடிக்கும் என்பதால், குழந்தைகள் பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும். குட்டி வீசிய ஆட்டை வெறுங்கையால் தொடாமலும், பாலைக் காய்ச்சாமல் குடிக்காமலும் இருந்தால் பிராணிகளிடமிருந்து நேராக வருகிற பல வியாதிகளுக்கும் தப்பலாம்.

பிரியமானவர்களே, "இது என்ன காய்ச்சல்?" என்று அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது, எங்களில் ஒருவர் "இன்னும் தெரியவில்லை, மாதிரியை வைத்திருக்கிறோம், இவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டு மனம் தளராதேயுங்கள். அந்த 115 பேரில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்த பதிலும் அதுதான். அந்தப் பதிலோடு திருப்தியடையாமல் தேடினவர்களால்தான் ஒரு புதிய வியாதி வெளிச்சத்துக்கு வந்தது.